பெரம்பூரிலிருந்து பெங்களூரு கிராஃப்ட் பியர் பப்: முதல் முறை போகிறவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கடந்த மூன்று வருடங்களில் எட்டு முறை நண்பர்களோடு ரயிலேறி பெங்களூரு போய் கிராஃப்ட் பியர் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று இரண்டு மூன்று பேர் புதிதாகச் சேர்ந்துகொள்வார்கள். எல்லாருமே டாஸ்மாக் பாட்டில் பியர் மட்டும் குடித்துப் பழகியவர்கள். அவர்கள் செய்த தவறுகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன, அவற்றில் பாதிக்கு மேல் பப்புக்குள் நுழைவதற்கு முன்பே நடந்துவிட்டன. அதனால் இந்த வழிகாட்டியின் முதல் பாதியில் பியரே வராது. வரிசைப்படி படியுங்கள், வரிசைப்படியே செய்யுங்கள்.

இங்கே நான் சொல்லும் பப், தன் கட்டடத்திலேயே தொட்டி வைத்து பியரைக் காய்ச்சி, அங்கேயே குழாயிலிருந்து ஊற்றித் தரும் இடம். மைக்ரோ ப்ரூவரி என்று சொல்வார்கள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பெரிய எஃகுத் தொட்டிகள் தெரியும்.

1. யார் போகலாம், யார் போக வேண்டாம்

21 வயது முடிந்திருக்க வேண்டும். வாசலில் கேட்பார்கள் என்பதால் அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். ரயிலில் டிக்கெட் பரிசோதகரும் அதையேதான் கேட்பார்.

கல்லீரல் பிரச்சினை இருப்பவர்கள், தூக்க மாத்திரையோ ஆன்டிபயாடிக் மாத்திரையோ எடுத்துக்கொண்டிருப்பவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் குடிக்க வேண்டாம். குடியை நிறுத்தியவரை “சும்மா ஒரு வாய்” என்று கூப்பிடவே கூடாது. குடிக்காதவர்கள் கூட வருவதில் தடை எதுவும் இல்லை. என் அண்ணி இரண்டு முறை வந்திருக்கிறார். சாப்பாட்டுக்காகவும் ஊர் சுற்றவும் வந்தவர்தான், ஆனால் அந்த இரண்டு பயணங்களும்தான் சிக்கல் இல்லாமல் முடிந்தன. காரணம் 4ஆம் பகுதியில் வருகிறது.

2. நாளைத் தேர்ந்தெடுப்பது

முதலில் மதுவிலக்கு நாளா என்று பாருங்கள். குடியரசு நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி மூன்றிலும் கடை மூடியிருக்கும். தேர்தல் என்றால் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் கிடையாது. நம் ஊரில் தேர்தல் இல்லையே என்று நினைத்து ஏமாறாதீர்கள். கர்நாடகத்துத் தேர்தல் தேதிகளைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது கிழமை. வெள்ளி, சனி இரவுகளில் மேசை கிடைக்காது, கிடைத்தாலும் ஊற்றித் தருபவரிடம் ஒரு கேள்வி கேட்க முடியாது. பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் காதில் விழாது. வார நாளில், மதியம் மூன்று மணிக்கு மேல் போய் உட்கார்ந்தால் கடை காலியாக இருக்கும், பணியாளர்களும் பொறுமையாகப் பேசுவார்கள். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இந்த நேரம்தான் சரி.

மூன்றாவது, கடை எவ்வளவு புதியது என்பது. புதுக் கடை திறந்தால் உடனே போக எல்லாருக்கும் ஆசை வரும். ஆனால் தொட்டியில் பியர் தயாராகத் தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும். கோதுமை பியர், ஏல் வகைகள் அறை வெப்பத்துக்கு அருகில், ஏறக்குறைய 18 முதல் 22 டிகிரியில் நொதிக்கும். இரண்டு மூன்று வாரத்தில் குடிக்கத் தயார். லாகர் அப்படி இல்லை. அது 7 முதல் 13 டிகிரிக் குளிரில் மெதுவாக நொதித்து, அப்புறமும் பல வாரங்கள் குளிரில் கிடந்தால்தான் பக்குவப்படும். அதனால் திறந்து ஒரு மாதம்கூட ஆகாத கடையில் லாகர் கேட்டால் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் அவசரத்தில் இறக்கியதாக இருக்க வாய்ப்பு உண்டு. புதுக் கடை என்றால் கோதுமை பியரும் ஏலும்தான் கேட்க வேண்டும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் கடைக்குப் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். இன்று குழாயில் எத்தனை வகை ஓடுகிறது? எல்லாம் அங்கேயே காய்ச்சியதா? மதியம் எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்? ஒரு முறை இந்தப் போனைச் செய்யாமல் புதுக் கடை ஒன்றுக்குப் போய் நின்றோம். காய்ச்சும் வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று சொல்லி பாட்டில் பியரை நீட்டினார்கள். 360 கிலோமீட்டர் போய்க் குடிக்க வேண்டிய பாட்டில் இல்லை அது.

3. திரும்பி வரும் டிக்கெட்டை முதலில் போடுங்கள்

எல்லாரும் போகிற டிக்கெட்டைத்தான் முதலில் போடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். பகல் ரயிலில் உட்கார்ந்து போகும் இருக்கை எப்படியாவது கிடைக்கும். இரவு ரயிலில் படுக்கை கிடைப்பதுதான் கஷ்டம். குடித்துவிட்டுத் திரும்பும் இரவில் படுக்கை இல்லாமல் வரவே கூடாது.

முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும். இணையத்தில் எடுத்த டிக்கெட் முழுக்க வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றுவிட்டால், சார்ட் போட்டதும் தானாக ரத்தாகிவிடும், அதை வைத்து ஏற முடியாது. இது தெரியாமல் எங்கள் குழுவில் இரண்டு பேர் முன்பதிவில்லாப் பெட்டியில் காட்பாடி வரை நின்றுகொண்டே வந்தார்கள். இரவு பதினொரு மணிக்கு, நெரிசலில், குடித்த வயிற்றோடு. அந்த இருவரும் அதற்குப் பிறகு எங்களோடு வரவில்லை.

நாங்கள் போவது காலை பிருந்தாவன் எக்ஸ்பிரஸில். சென்ட்ரலில் ஏழரை மணிவாக்கில் கிளம்பும், மதியம் பெங்களூரில் இருக்கலாம். திரும்புவது இரவு பத்தரை மணிக்கு மேல் கிளம்பும் மெயிலில், விடியும் முன் சென்னை. நேரம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் டிக்கெட் போடும் அன்று ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே ஏறுவது என்பதிலும் நம் பகுதிக்காரர்கள் குழம்புகிறார்கள். பெங்களூரு ரயில்கள் எல்லாமே பெரம்பூரில் நிற்பதில்லை. நிற்கும் ரயில் என்றால், டிக்கெட் போடும்போதே ஏறும் இடத்தைப் பெரம்பூர் என்று குறித்துவிடுங்கள். சென்ட்ரல் என்று போட்டுவிட்டுப் பெரம்பூரில் ஏறினால், நீங்கள் வரவில்லை என்று குறித்து இருக்கையை இன்னொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்கள் பெரம்பூருக்கு ஆட்டோ பிடித்து வர வேண்டியதே இல்லை. விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் நேராக சென்ட்ரலில் இறங்கலாம்.

4. கிளம்பும் காலை

பைக்கை ஸ்டேஷன் வாசலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மறுநாள் விடியற்காலையில் தூக்கம் கெட்டு, உடம்பில் மது மிச்சமிருக்கலாம் என்ற நிலையில் வந்து இறங்குவீர்கள். அப்போது பைக் கண்முன் நின்றால் கை சாவியைத் தேடும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் இருந்தாலே சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பைக் வீட்டிலேயே இருக்கட்டும்.

பையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான்: அடையாள அட்டை, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், போர்வை, சார்ஜர், நாலைந்து உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலம். சென்ட் அடித்துக்கொண்டு வர வேண்டாம். கேலியாக நினைக்காதீர்கள், பியரில் பாதி ருசி மூக்கு வழியாகத்தான் வருகிறது. மேசையில் ஒருவர் மேல் அத்தர் மணந்தால் மற்ற மூன்று பேருக்கும் பியரின் வாசனை தெரியாது.

குழுவில் ஒருவர் அன்று முழுக்கக் குடிக்கக் கூடாது. எல்லார் டிக்கெட்டும், ஊருக்குத் திரும்பத் தேவையான பணமும் அவரிடம் இருக்க வேண்டும். யார் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள், பப்புக்குள் போனபின் முடிவு செய்ய முடியாது. அண்ணி வந்தபோது அவர்தான் இந்தப் பொறுப்பில் இருந்தார். ஏழு மணி ஆனதும் “எழுந்திருங்கப்பா, வண்டிக்கு நேரமாச்சு” என்று ஒரே வார்த்தைதான் சொன்னார், எல்லாரும் எழுந்துவிட்டோம்.

5. வயிற்றை நிரப்புவது

இதை ஒரு படியாகவே எழுதக் காரணம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர், பப்பில் சாப்பாடு விலை அதிகம் என்றும், வயிறு காலியாக இருந்தால் சீக்கிரம் ஏறும் என்றும் கணக்குப் போட்டு மதியச் சாப்பாட்டைத் தவிர்க்கிறார்கள். காலி வயிற்றில் மது வேகமாகக் குடலுக்குப் போய் ரத்தத்தில் கலக்கிறது. முதல் அரை மணியிலேயே தலை சுற்றும், நாக்கு மந்தமாகும், அதற்குப் பிறகு எந்த பியரும் ஒரே மாதிரிதான் தெரியும். இவ்வளவு தூரம் வந்தது வீணாகிவிடும்.

காலையில் வீட்டு இட்லியோ பொங்கலோ கட்டிக்கொண்டு வந்து ரயிலில் சாப்பிடுங்கள். மதியம் பெங்களூரில் அல்சூரில் இறங்கி முழுச் சாப்பாடு. அங்கே தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கடையில் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். சோறு, பருப்பு, தயிர் என்று நிதானமான சாப்பாடாக இருக்கட்டும். காரமான பிரியாணி வேண்டாம், காரம் நாக்கில் ஒரு மணி நேரம் தங்கும்.

சாப்பிட்டதும் பான், புகையிலை, சிகரெட் கூடாது. சிகரெட் பிடித்துவிட்டு வந்து உட்கார்ந்த நண்பர், கோதுமை பியரில் ஒரு வாசனையும் இல்லை என்று சாதித்தார். இரண்டு மணி நேரம் கழித்து அதே பியரை மறுபடி கொடுத்தபோது, “பழ வாசனை அடிக்குதே” என்றார்.

6. ஸ்டேஷனிலிருந்து பப்புக்கு

பெங்களூரு போகிற ரயிலில் கடைசி வரை உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. கிருஷ்ணராஜபுரத்தில் இறங்குங்கள். பக்கத்திலேயே ஊதாப் பாதை மெட்ரோ நிலையம் இருக்கிறது. அங்கிருந்து பென்னிகானஹள்ளி, பையப்பனஹள்ளி, சுவாமி விவேகானந்தா சாலை, அடுத்தது இந்திராநகர். அதற்கடுத்த நிலையம் அல்சூர், பெயர்ப் பலகையில் ஹலசூரு என்று இருக்கும். முதலில் அல்சூர் வரை போய்ச் சாப்பிட்டுவிட்டு, ஒரு நிலையம் பின்னால் வந்து இந்திராநகரில் இறங்கினால் சரியாக இருக்கும்.

இந்திராநகரைச் சொல்லக் காரணம், காய்ச்சி ஊற்றும் பப்கள் அந்தப் பகுதியில் நெருக்கமாக இருக்கின்றன. 2010இல் திறந்த டாய்ட் என்ற பப் அங்கே 100 அடி சாலையில்தான் இருக்கிறது. முதல் முறை போகிறவர்கள் பழைய கடை ஒன்று, புதுக் கடை ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம். ஒரே நாளில் நாலு கடை ஏறி இறங்கினால் நாலாவது கடையின் பெயர்கூட நினைவில் இருக்காது.

7. பலகையைப் படிப்பது

உட்கார்ந்ததும் ஆர்டர் கொடுக்காதீர்கள். சுவரிலோ அட்டையிலோ அன்றைய வகைகளை எழுதியிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு எண் இருக்கும்.

ஏ.பி.வி. என்பது நூற்றுக்கு எத்தனை பங்கு மது என்பது. ஐ.பி.யு. என்பது கசப்பின் அளவு. கோதுமை பியர் 10 முதல் 15, லாகர் 20 சொச்சம், ஸ்டவுட் என்ற கறுப்பு பியர் 30, 40, ஐ.பி.ஏ. என்ற கசப்பு வகை (இந்தியா பேல் ஏல்) என்றால் 50க்கு மேலும் போகும். பாவக்காய் பிடிக்காதவர் 50க்கு மேல் எழுதியிருப்பதை முதல் நாளே தொட வேண்டாம்.

ஏ.பி.வி.யை மட்டும் பார்த்தால் போதாது, கிளாஸின் அளவோடு பெருக்கிப் பார்க்க வேண்டும். டாஸ்மாக்கில் 650 மில்லி ஸ்ட்ராங் பாட்டில் 8 சதவீதம் என்றால் அதில் இருக்கும் சுத்த மது 52 மில்லி. பப்பில் 5 சதவீத பியர் 500 மில்லி என்றால் 25 மில்லி. அதாவது அந்த ஒரு பாட்டில் இங்கே இரண்டு கிளாஸுக்குச் சமம். “இங்க ஒண்ணுமே ஏறல” என்று சிலர் சொல்வது இதனால்தான். ஏறவில்லை என்று அடுத்தடுத்து கேட்க ஆரம்பித்தால் தொல்லை. இன்னொரு பக்கம், பெல்ஜியம் பாணியில் காய்ச்சிய 8, 9 சதவீத பியரை 330 மில்லிச் சின்னக் கிளாஸில் தருவார்கள். கிளாஸ் சின்னது என்று நினைத்துக் குடித்தால், அதில் இருப்பதும் ஒரு முழுக் கிளாஸ் அளவு மதுதான்.

8. முதலில் சாம்ப்ளர்

இதுதான் மொத்தப் பயணத்தின் நடுப்பகுதி, இங்கே அவசரப்படக் கூடாது.

ஒரு மரப்பலகையில் ஐந்தாறு குட்டிக் கிளாஸ்களில் கடையின் எல்லா வகையையும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துத் தருவார்கள். இரண்டு பேருக்கு ஒரு சாம்ப்ளர் போதும். ஆளுக்கு ஒன்று வாங்கினால், 100 மில்லி வீதம் ஆறு கிளாஸ் என்றாலே 600 மில்லி ஆகிவிடும். அதைக் கணக்கில் சேர்க்காமல், “இப்பதான் ஆரம்பிக்கிறோம்” என்று முழுக் கிளாஸுக்குப் போவது நான் அதிகமாகப் பார்த்த தவறு.

வைத்ததும் எது எது என்று பணியாளரிடம் கேட்டு, இடமிருந்து வலமாக வெளிறிய நிறத்திலிருந்து கறுப்பு வரை அடுக்குங்கள். நிறம் மட்டும் போதாது. பொன்னிறமாக இருந்தாலும் ஐ.பி.ஏ.யைக் கடைசிப் பக்கம் தள்ளிவிடுங்கள், ஏனென்றால் அதில் தூக்கலாகச் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு, அடுத்து வரும் மென்மையான பியரைத் தண்ணீர் மாதிரி ஆக்கிவிடும். எங்களோடு வந்த ஒரு தம்பி, பெயர் நன்றாக இருக்கிறது என்று இரட்டை ஐ.பி.ஏ.யை முதலில் குடித்தார். அதற்குப் பிறகு அன்று அவருக்கு எதுவும் ருசிக்கவில்லை.

ஒவ்வொரு கிளாஸையும் குடிக்கும் முன் மூக்கருகே கொண்டுபோய் முகருங்கள். அப்புறம் ஒரு சின்ன வாய் எடுத்து, நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்குங்கள். விழுங்கியபின் மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். அப்போது வரும் வாசனைதான் அந்த பியரின் அடையாளம். நடுவில் ஒரு வாய் தண்ணீர்.

என்ன தேடுவது என்று தெரியாமல் முகர்ந்தால் ஒன்றும் பிடிபடாது. அதனால் நம் வீட்டுச் சமையலறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மன் பாணிக் கோதுமை பியரில் பழுத்த வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். பழமோ கிராம்போ அதில் போடுவதில்லை. அந்த வகை ஈஸ்ட் நொதிக்கும்போது தானே உண்டாக்கும் வாசனை அது. கலங்கலாக இருக்கும், அதுதான் இயல்பு. கெட்டுப்போனது என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

பெல்ஜியம் பாணிக் கோதுமை பியரில் ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் உண்மையிலேயே போட்டுக் காய்ச்சுகிறார்கள். தனியா வறுக்கும்போது வரும் வாசனையை நம் வீட்டில் வளர்ந்த யாரும் தவறவிட முடியாது. இதைச் சொன்னதும் புதியவர்கள் முகம் மாறுவதை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். எங்கோ வெளிநாட்டுச் சரக்கு என்று விறைப்பாக உட்கார்ந்திருப்பவர்கள், அந்த ஒரு வாசனை தெரிந்ததும் கிளாஸை நெருக்கமாகப் பிடிக்கிறார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு நான் எப்போதும் இதையே முதல் கிளாஸாகக் கொடுக்கிறேன்.

ஸ்டவுட்டில் டிகாக்ஷன், கருகிய வெல்லம், சில சமயம் சாக்லேட். கறுப்பாக இருப்பதால் ரொம்ப ஸ்ட்ராங் என்று பயப்படுவார்கள். அந்த நிறம் வறுத்த பார்லியிலிருந்து வருகிறது, மதுவின் அளவுக்கும் நிறத்துக்கும் தொடர்பில்லை. பல ஸ்டவுட்கள் 5 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

ஐ.பி.ஏ.யில் மாம்பழம், சாத்துக்குடித் தோல், வேப்பிலைக் கசப்பு. பிடித்தவர்களுக்கு மிகவும் பிடிக்கும், மற்றவர்கள் வற்புறுத்திக் குடிக்க வேண்டியதில்லை.

இந்தச் சுற்றுக்கு முக்கால் மணி நேரம் கொடுங்கள். யாருக்கு எது பிடித்தது என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை உதவும்.

9. குளிரும் நுரையும்

“நல்லா ஜில்லுன்னு கொடுங்க, ஐஸ் போடுங்க” என்று கேட்பது நமக்குப் பழக்கம். பாட்டில் பியருக்கு அது பரவாயில்லை. இங்கே வேண்டாம். அளவுக்கு மீறிய குளிர் நாக்கை மரத்துப்போகச் செய்யும், வாசனையையும் மேலே எழவிடாது. கோதுமை பியர் குளிர்ச்சியாகவே வரும், அப்படியே குடிக்கலாம். ஸ்டவுட்டை மட்டும் பத்து நிமிடம் மேசையில் வைத்துவிட்டுக் குடித்துப் பாருங்கள், அப்போதுதான் காபி வாசனை எழும்.

நுரை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இரண்டு விரல் உயர நுரை இருக்க வேண்டும். வாசனையைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். நுரைக்குக் கீழே பியர் குறைவாக இருந்தால் நிரப்பித் தரச் சொல்லிக் கேட்கலாம், தவறில்லை.

10. கெட்ட பியரைக் கண்டுபிடிப்பது

புதுக் கடைகளில் இது தேவைப்படும். தொட்டி, குழாய், ஆட்கள் எல்லாமே புதிது, ஆரம்பத்தில் சறுக்கல்கள் வரும்.

கிளாஸின் உள்சுவரில் குமிழ்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தால் கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை. வேறு கிளாஸ் கேளுங்கள். பாப்கார்னில் ஊற்றும் வெண்ணெய் மாதிரி வாசனை அடித்தால், நொதித்தல் முடியும் முன்பே இறக்கிவிட்டார்கள் என்று அர்த்தமாக இருக்கலாம். அல்லது குழாய் சுத்தமில்லை. புளிப்பு வகை என்று எழுதாத பியரில் காடி வாசனை வந்தால் கிருமி புகுந்திருக்கிறது. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் காற்று பட்டுப் பழசாகிவிட்டது.

சொல்லும் விதம் முக்கியம். “இது நல்லா இல்லை” என்றால், உங்களுக்குப் பழக்கமில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். “வெண்ணெய் வாசனை வருது, கொஞ்சம் முகர்ந்து பாருங்க” என்று கிளாஸை நீட்டினால் உள்ளே கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். பாதி குடித்துவிட்டுச் சொல்லாதீர்கள், முதல் இரண்டு வாய்க்குள் சொல்லிவிடுங்கள். காய்ச்சுபவர் கடையில் இருந்தால் அவரே வந்து பேசுவார். எனக்குத் தெரிந்த நல்ல விஷயங்களில் பாதி அப்படிப் பேசியபோது கற்றுக்கொண்டதுதான்.

11. எவ்வளவு, என்ன சைட் டிஷ்

சாம்ப்ளரில் பிடித்ததில் ஒன்று, முழுக் கிளாஸ். அது முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, வேண்டுமென்றால் இன்னொன்று. அவ்வளவுதான் என் வரிசை. 5 சதவீத பியர் அரை லிட்டரில் ஏறக்குறைய 20 கிராம் மது இருக்கிறது. உடம்பு மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் வெளியேற்றும். ஒரு கிளாஸ் முழுதாக இறங்கவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மோர் குடித்தாலும் முகம் கழுவினாலும் அந்த வேகம் கூடாது.

ஒவ்வொரு கிளாஸுக்கும் இணையாக ஒரு கிளாஸ் தண்ணீர். ரவுண்டு முறை வேண்டாம், அதாவது ஒருவர் வாங்கினால் எல்லாரும் வாங்குவது. மெதுவாகக் குடிப்பவர் மற்றவர்கள் வேகத்துக்கு இழுக்கப்படுவார். அவரவர் ஆர்டர் அவரவருக்கு.

சைட் டிஷ்ஷில் நாம் செய்யும் தவறு காரம். சில்லி சிக்கனோடு ஐ.பி.ஏ. குடித்தால் கசப்பும் காரமும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். மீன் வறுவலுக்குக் கோதுமை பியர் நன்றாகச் சேரும், ஆரஞ்சு வாசனை எலுமிச்சை பிழிந்த மாதிரி வேலை செய்யும். வேர்க்கடலை, சுண்டல், சுட்ட காய்கறி எல்லாவற்றோடும் போகும். ஸ்டவுட்டைக் கடைசியில் இனிப்போடு குடியுங்கள்.

12. பில்

உணவுக்கு ஜி.எஸ்.டி. உண்டு, மதுவுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, மாநில வரி தனி. சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக ஒரு தொகை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அது கட்டாயம் இல்லை. எடுத்துவிடச் சொல்லலாம் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதை எடுக்கச் சொல்லிவிட்டு, நன்றாகக் கவனித்தவருக்குக் கையில் டிப்ஸ் கொடுத்துவிட்டு வருவது என் வழக்கம். ஏழு மணிக்கே பில் கேட்டுவிடுங்கள். கூட்டம் கூடிய பிறகு பில் வரவே அரை மணி ஆகும்.

13. திரும்பும் வழி

பப்பிலிருந்து நேராக ரயிலுக்குப் போகாதீர்கள். இடையில் இரண்டு மணி நேரமாவது இருக்க வேண்டும். இட்லி, தயிர்சாதம் மாதிரி லேசான இரவுச் சாப்பாடு, கொஞ்சம் நடை, நிறையத் தண்ணீர். இந்திராநகரில் மெட்ரோ ஏறினால் அதே ஊதாப் பாதையில் மெஜஸ்டிக்குக்கு அடுத்து சங்கொள்ளி ராயண்ணா ரயில் நிலையத்தில் இறங்கலாம். மெயில் அங்கிருந்துதான் புறப்படுகிறது. வழியில் கன்டோன்மென்டில் ஏறுவதைவிட இது நிதானம், வண்டி பிளாட்பாரத்துக்கு வந்ததும் அவசரமில்லாமல் ஏறிப் படுத்துக்கொள்ளலாம்.

மெட்ரோவிலும் ரயிலிலும் போதையில் சத்தம் போட்டாலோ தொல்லை கொடுத்தாலோ குற்றம். ரயில்வே சட்டம் 145ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையும் 500 ரூபாய் வரை அபராதமும் உண்டு, பாஸ் இருந்தால் பறிபோகும், வண்டியிலிருந்து இறக்கியும் விடலாம். பக்கத்துப் படுக்கையில் குழந்தையோடு ஒரு குடும்பம் இருக்கும். பேச வேண்டியதையெல்லாம் பப்பிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

சில கடைகளில் பியரை பாட்டிலில் அடைத்து வீட்டுக்குத் தருவார்கள். வாங்காதீர்கள். வெளி மாநில மதுவை அனுமதி இல்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஒரு பாட்டில்தானே என்று கேட்டவர்கள் உண்டு. சட்டத்தை விட்டுவிட்டாலும், வடிகட்டாத பியர் அது, எப்போதும் குளிரில் இருக்க வேண்டும். இரவு முழுக்க ரயில் பெட்டியில் கிடந்தால் அதன் ருசி போய்விடும்.

கீழ்ப்படுக்கையில் இடம் இருந்தால் அதிகம் குடித்தவருக்குக் கொடுங்கள், இரவில் நாலு முறை கழிவறைக்கு எழுவார். உப்பு–சர்க்கரைக் கரைசலைக் கலந்து குடித்துவிட்டுப் படுங்கள். குடிக்காமல் வந்தவர் அலாரம் வைக்கட்டும். வண்டி பெரம்பூரில் நின்றால் அரக்கோணம் தாண்டியதும் எல்லாரையும் எழுப்பிவிட வேண்டும். நிற்காத வண்டி என்றால் சென்ட்ரலில் இறங்கி, பக்கத்து மூர் மார்க்கெட் நிலையத்தில் முதல் லோக்கல் பிடித்தால் பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி ஜீவா, அடுத்து பெரம்பூர்.